கல்லாவில் உட்கார்ந்து கற்ற ஒற்றைச் சொற்கள்

2019 ஜூன் மாதம், திருச்சியில் ஒரு தேர்வு மையம். கணினித் திரையில் வந்த அந்தக் கேள்வி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. வேறொரு நாட்டில் குடியேறுவதற்காகத் தன் நாட்டை விட்டுப் புறப்படுபவரை ஒரே சொல்லில் எப்படிச் சொல்வது? 'எமிகிரன்ட்', 'இமிகிரன்ட்' இரண்டும் அடுத்தடுத்து இருந்தன. மற்ற இரண்டு விடைகளை நான் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. அடிக்கடி காதில் விழுந்த சொல் என்ற ஒரே காரணத்துக்காக 'இமிகிரன்ட்'டைச் சொடுக்கினேன். வரவேண்டிய இரண்டு மதிப்பெண் வரவில்லை. தவறான விடைக்கு அரை மதிப்பெண் கழிவு வேறு. அந்த ஆண்டு கட்-ஆஃப் மதிப்பெண்ணுக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டேன். மூன்று ஆண்டுகள் கழித்து, குடியேறுவதற்கு இல்லை, பிழைப்புக்குத்தான் என்றாலும், நாட்டை விட்டுப் புறப்படுகிற ஆளாக நானே மலேசியாவின் பினாங்கில் வந்து இறங்கினேன்.

மத்திய அரசு வேலைகளுக்கான பட்டதாரி நிலைத் தேர்வான சிஜிஎல்லின் முதற்கட்டத்தை எழுதியவர்களுக்குக் கணக்கு தெரியும். 60 நிமிடம், 100 கேள்வி, 200 மதிப்பெண். அதில் ஆங்கிலத்துக்கு 25 கேள்வி. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும்; தமிழில் யோசித்துவிட்டு வேறொரு மொழியில் விடை தேடுவது நம் பாடு. பழைய வினாத்தாள்களைப் புரட்டியபோது, நீளமான விளக்கத்துக்கு ஒரு சொல் கேட்கும் 'ஒன் வேர்ட் சப்ஸ்டிடியூஷன்' வகையில் ஒன்றிரண்டு கேள்விகளாவது இல்லாத தாள் அரிதாகவே கண்ணில் பட்டது. கணக்கில் ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடம் மல்லுக்கட்டுகிறோம். இது தெரிந்தால் பத்து விநாடி, தெரியாவிட்டால் எத்தனை நிமிடம் உட்கார்ந்தாலும் வராது.

நான் முதலில் படித்த விதம் இதுதான்: பயிற்சி மையத்தில் ஒரு பட்டியல் கொடுத்தார்கள், அகர வரிசையில். நாளுக்கு ஐம்பது சொல். 'ஏ' எழுத்தில் தொடங்கி 'எம்' வரை போய்ச் சேர்வதற்குள் 'ஏ' மறந்துவிடும். மறந்தது குற்றமில்லை. ஏவியரியையும் ஏப்பியரியையும் ஒரே பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி வைத்தால் எது பறவை வளர்க்கும் இடம், எது தேனீ வளர்க்கும் இடம் என்று எந்த மூளைக்குத்தான் பிரித்து வைக்கத் தோன்றும்?

பினாங்கில் எனக்குக் கிடைத்தது ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில், லெபோ பாசார் பக்கம், ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் கல்லா வேலை. கடைக்கு மேல்மாடியில் இரட்டை அடுக்குக் கட்டில்கள் போட்ட ஓர் அறை, ஆறு பேர். என் கட்டிலுக்குக் கீழே படுத்திருந்தவர் பரோட்டா மாஸ்டர். புதுக்கோட்டைப் பக்கம், எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். வந்த வாரமே அவருடைய பாஸ்போர்ட்டைப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் 'எமிகிரேஷன் செக் ரிக்வயர்டு' என்று அச்சாகியிருந்தது. என்னுடையதில் அப்படி எதுவும் இல்லை.

"இது எதற்கு மாஸ்டர்?" என்று கேட்டேன்.

"பத்தாவது தேறாதவன் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பினால் நம் அரசாங்கம் ஒரு தடவை சரிபார்த்துத்தான் அனுப்புமாம். அதற்கு ஆபீஸ் ஆபீஸாக நான் அலைந்தது எனக்குத்தான் தெரியும்."

எனக்குச் சுரீரென்றது. இந்தியா தன் ஆளை வெளியே அனுப்பும்போது சரிபார்ப்பது எமிகிரேஷன். இங்கே வந்து இறங்கியதும் நம்மை உள்ளே விடுவதா வேண்டாமா என்று பார்த்தது 'இமிகிரேசென்'. மலாயில் பலகையில் அப்படித்தான் எழுதியிருந்தது. 'எ' வெளியே, 'இ' உள்ளே. ஒரே மாஸ்டர், அங்கே எமிகிரன்ட், இங்கே இமிகிரன்ட். நிற்கிற கரைதான் சொல்லை மாற்றுகிறது. (இந்திய விமான நிலையங்கள் சிலவற்றில் புறப்படும் வரிசையிலும் இமிகிரேஷன் என்றே எழுதி வைத்திருப்பார்கள். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.) அதற்குப் பிறகு அந்த இரண்டு சொற்களில் நான் தவறியதே இல்லை.

அன்றிரவு மாஸ்டரிடம் என் திருச்சிக் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "சரி, நான் தமிழில் கேட்கிறேன், நீ இங்கிலீஷில் ஒரே சொல்லில் சொல்" என்றார். விளையாட்டாகத் தொடங்கியதுதான். ஏறத்தாழ இரண்டு ஆண்டு, கடையைக் கழுவி மூடிவிட்டு மாடிக்கு வந்த பிறகு தினமும் அரைமணி நேரம் நடந்தது. அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்பதுதான் இதில் பெரிய வசதி. புத்தகத்தில் உள்ள விளக்கத்தை அவரால் வாசிக்க முடியாது. ஆகவே கண்ணில் பட்ட ஆளை வைத்தே கேட்பார்.

"பன்னிரண்டாம் மேசைக்காரனுக்கு என்ன பேர்?"

பன்னிரண்டாம் மேசையில் அன்று உட்கார்ந்திருந்தவர் நாலு தடவை சோறு வாங்கி, ரசத்தை இலையிலேயே குளமாகக் கட்டி, மோரோடு முடித்து, எழுந்து போகும்போது ஒரு வடையையும் வாயில் போட்டுக்கொண்டு போனவர். "க்ளட்டன்" என்றேன். பெருந்தீனிக்காரர்.

"அப்படியானால் அந்தச் செட்டியார் வீட்டுப் பெரியவர்? அவரும் இரண்டு தடவை சோறு வாங்குகிறாரே."

அவர் வேறு மாதிரி. நண்டுக் குழம்பு இருக்கிற நாளாகப் பார்த்து வருவார். ரசித்துச் சாப்பிடுவார், நிறையவே சாப்பிடுவார். அவர் 'கூர்மாண்ட்'. அவரோடு வரும் மருமகனோ நாலு கவளத்துக்கு மேல் தொடமாட்டார். ஆனால் சோம்பு இன்று மாறியிருக்கிறது, எண்ணெய் இன்னும் காயாமல் தாளித்திருக்கிறீர்கள் என்று சமையற்கட்டுக்கே ஆள் அனுப்புவார். அவர் 'கூர்மே'. மூன்று பேரும் சாப்பாட்டுப் பிரியர்கள்தான். ஒருவருக்கு அளவு, ஒருவருக்கு அளவும் சுவையும், ஒருவருக்குச் சுவையின் நுணுக்கம். இதுவரை நான் படித்த சில இலவசத் தொகுப்புகள் கூர்மாண்டையும் கூர்மேயையும் ஒன்றாகவே போட்டிருக்கின்றன. தேர்வில் அந்த இரண்டும் ஒரே கேள்விக்குள் எதிரெதிரே வந்து நின்றால் அந்தத் தொகுப்பை எழுதியவர் வந்து மதிப்பெண் தரப்போவதில்லை.

அந்த இரவுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. இந்தப் பகுதியில் மதிப்பெண்ணைத் தின்பவை முன்பின் கேட்டிராத சொற்கள் அல்ல. பக்கத்து வீட்டுச் சொற்கள். வேலி எங்கே ஓடுகிறது என்று தெரியாவிட்டால் இரண்டு வீட்டுக்காரரையும் தெரிந்திருந்தும் பயனில்லை. அன்றோடு அகர வரிசைப் பட்டியலை மூடி வைத்தேன். இரண்டு வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். ஒரு சொல்லைத் தனியாக எழுதுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். எந்தச் சொல்லோடு குழம்புமோ அதையும் சேர்த்துத்தான் எழுதுவது. இடது பக்கம் தமிழில் ஆள், இடம், சம்பவம். வலது பக்கம் ஆங்கிலச் சொற்கள். நடுவில் ஒரே வரியில் வேறுபாடு. வேறுபாட்டை என் சொந்த வார்த்தையில் ஒரு வரிக்குள் எழுத முடியாவிட்டால் எனக்கு அந்தச் சொல் இன்னும் தெரியாது என்று பொருள். அகராதியைத் திரும்ப எடுப்பேன். இரவில் எழுதியதை மறுநாள் காலை வலது பக்கத்தை மறைத்துக்கொண்டு ஒரு தடவை, மூன்றாம் நாள் ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை பார்ப்பேன். தவறியவற்றுக்கு மட்டும் சிவப்புப் புள்ளி. மூன்று புள்ளி வாங்கிய சொல் மாஸ்டரிடம் போகும்.

கல்லா நல்ல பாடசாலை. பரிமாறுகிற பையன் கிறுக்கிக் கொண்டுவந்த பில்லை வாசிக்க முடியாமல் விழித்தபோது அது 'இல்லெஜிபிள்'. வாசிக்கத் தெரியாதவன் 'இல்லிட்டரேட்'. தகுதி இல்லாதவன் 'இனெலிஜிபிள்'. என் வெள்ளைச் சட்டையில் விழுந்த மீன் குழம்புக் கறை எத்தனை சோப்புக்கும் அசையவில்லை, அது 'இன்டெலிபிள்'. எதைக் கொடுத்தாலும் திருப்தி வராத வாடிக்கையாளர் 'ஃபாஸ்டிடியஸ்'. சம்பளம் உண்டு, சொல்லும்படியான வேலை கிடையாது என்கிற பதவிக்கு 'சைனக்யூர்' என்று சொன்னபோது மாஸ்டர் என் கல்லா நாற்காலியைக் கையால் காட்டினார். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

மதியம் மூன்று மணிக்கு மேல் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். அந்த நேரத்தில் பாடாங் கோத்தா லாமா கடற்கரை வரை நடந்துவிட்டு வருவேன். கார்ன்வாலிஸ் கோட்டையிலிருந்து சிறிது தூரத்தில் கடலைப் பார்த்தபடி ஒரு போர் நினைவுத் தூண் இருக்கிறது. முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்காக எழுப்பியது. அதற்கடியில் யாரும் புதைக்கப்படவில்லை. உடல் வேறெங்கோ கிடக்க, நினைவுக்காக மட்டும் எழுப்பும் கட்டடத்துக்குப் பெயர் 'செனொடாஃப்'. கிரேக்கத்தில் 'கெனோஸ்' என்றால் வெறுமை, 'டஃபோஸ்' என்றால் கல்லறை. வெறுங்கல்லறை. அதே 'டஃபோஸ்'தான் 'எபிடாஃப்' என்ற சொல்லிலும் இருக்கிறது; கல்லறையின் மேல் எழுதியிருக்கும் வாசகம். அதைப் பார்க்க நார்தம் சாலைப் பழைய கிறிஸ்தவக் கல்லறைக்குப் போனேன். 1786இல் இந்தத் தீவில் ஆங்கிலேயக் குடியேற்றத்தை நிறுவிய பிரான்சிஸ் லைட், 1794இல் இறந்து அங்கேதான் கிடக்கிறார். ஈழத்தலரி மரங்களின் நிழலில் நின்று, பாசி படிந்த கற்களில் எழுத்துகளைத் தடவிப் பார்த்தேன். கல்லில் இருப்பது எபிடாஃப். நம் கல்லாவில் கிடக்கும் தமிழ் நாளிதழில் வருகிற மரணச் செய்தி 'ஆபிச்சுவரி'. இறந்தவரைப் பாடும் பாட்டு 'எலெஜி'. செத்த பிறகு வருகிற விருது 'பாஸ்ட்யுமஸ்'. நாலையும் ஒரே பக்கத்தில் எழுதினேன். மாஸ்டருக்கு அந்தப் பக்கம் பிடிக்கவில்லை. "ராத்திரியில் இதைக் கேட்காதே" என்றார்.

'க்வாரன்டைன்' என்ற சொல்லைக் கொரோனாவுக்குப் பிறகு சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் எனக்கு அது வேறு வழியில் உறைத்தது. ஒரு விடுமுறை நாளில் குவீன்ஸ்பே பக்கம் போயிருந்தபோது எதிரே பச்சையாக ஒரு தீவு தெரிந்தது. ஜெரெஜாக். அங்கே தொழுநோயாளிகளுக்கு மருத்துவமனை இருந்தது, கப்பலில் வந்தவர்களை நோய்க்காகத் தனிமைப்படுத்தும் நிலையம் இருந்தது, பின்னர் 1969 முதல் 1993 வரை சிறையும் இருந்தது. சஞ்சிக்கூலிகளாக, அதாவது ஒப்பந்தக் கூலிகளாக, நம்மூரிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் ஊருக்குள் கால் வைக்கும் முன் அங்கே காத்துக் கிடந்திருக்கிறார்கள். க்வாரன்டைன் என்பதன் வேர் இத்தாலிய மொழியில் நாற்பது என்ற எண். வெனிஸ் துறைமுகத்தில் கப்பல்களை நாற்பது நாள் நிறுத்தி வைத்த வழக்கத்திலிருந்து வந்தது. நாற்பது நாள் கரையைப் பார்த்துக்கொண்டே இருப்பது எப்படி இருக்கும் என்று யோசித்தபடி சற்று நேரம் நின்றேன். அந்தச் சொல் இனி மறக்காது.

எல்லாச் சொல்லுக்கும் ஊரில் ஓர் இடம் கிடைக்காது. கிடைக்காதவற்றுக்கு, நமக்கு முன்பே தெரிந்த ஒரு சொல்லைத் தேடிக் கட்டிப்போட வேண்டும். ஏவியரி, ஏப்பியரி இரண்டையும் நான் அப்படித்தான் பிரித்தேன். பறவைக் காய்ச்சலைச் செய்திகளில் 'ஏவியன் ஃப்ளூ' என்கிறார்கள்; ஆகவே ஏவியரி பறவைக்கு. மீதி இருப்பது தேனீக்கு. பெண்களை வெறுப்பவர், திருமணத்தை வெறுப்பவர், மனித குலத்தையே வெறுப்பவர் என்ற மூவரும் தேர்வில் கைகோத்தே வருவார்கள். 'மிசாஜினிஸ்ட்' என்பதன் நடுவில் இருப்பது கைனகாலஜிஸ்டில் இருக்கும் அதே வேர். பெண்களுக்கான மருத்துவரைத் தெரியாத குடும்பம் இல்லை. 'மிசாகமிஸ்ட்' நடுவில் இருப்பது இருதார மணமான 'பிகமி'யில் உள்ள வேர். 'மிசன்த்ரோப்' நடுவில் ஆந்த்ரோபாலஜி, மானுடவியல். இதை மாஸ்டருக்கு விளக்கியபோது, நாற்பத்தொரு வயதாகியும் மணமாகாத அவர் தன்னை இரண்டாவது வகையில் சேர்த்துவிடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "நான் எங்கே கல்யாணத்தை வெறுத்தேன்? கல்யாணம்தான் என்னை வெறுக்கிறது." அதற்கு ஆங்கிலத்தில் சொல் இல்லை. 'பேச்சலர்' என்று எழுதிவிட்டு, மணமின்மையை நோன்பாக ஏற்றவருக்கான 'செலிபெட்' என்ற சொல்லை அதன் பக்கத்தில் போட்டேன்.

ஆங்கிலத்தில் இல்லாதவை என்றதும் மாஸ்டருக்கு உற்சாகம் வந்துவிடும். சகலைக்கு என்ன? சம்பந்திக்கு என்ன? இங்கே தினமும் எடுத்துப் போடுகிறோமே, எச்சில் இலை, அந்த எச்சிலுக்கு என்ன? ஒருவர் வாய் பட்டது என்ற பொருளையும் அதனால் வருகிற அருவருப்பையும் நாலே எழுத்தில் தருகிற சொல் அங்கே கிடையாது. உறவிலும் உணவிலும் நாம் பணக்காரர்கள். சொல்லைத் தொகுத்து மனப்பாடம் செய்வதும் நமக்குப் புதிதில்லை. நிகண்டுகளைச் செய்யுளாக எழுதி வைத்துப் பிள்ளைகளை ஒப்பிக்க வைத்த மரபு நம்முடையது. அந்த நிகண்டுக்காரர்கள் பெரும்பாலும் அகர வரிசையில் அடுக்கவில்லை; தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் என்று இனம் இனமாகத் தொகுத்தார்கள். என் பயிற்சி மையத்தார் அதைக் கொஞ்சம் பார்த்திருக்கலாம்.

தேர்வறைக்கு உதவியவற்றையும் சொல்லிவிடுகிறேன். கேள்வியின் முதல் இரண்டு சொற்களிலேயே பாதி விடை இருக்கிறது. ஆளைக் கேட்கிறார்களா, இடத்தையா, செயலையா, படிப்பையா, அச்சத்தையா, பண்பையா? பண்பைக் கேட்டிருந்தால் ஆளைக் குறிக்கும் விடைகளை உடனே அடித்துவிடலாம். இதில் ஒரு விதிவிலக்கு: கொலையைக் குறிக்கும் 'சைடு' என்று முடியும் சில சொற்கள் செயலுக்கும் ஆளுக்கும் பொதுவானவை. 'ரெஜிசைடு' அரசனைக் கொல்வதையும் குறிக்கும், கொன்றவனையும் குறிக்கும். பூச்சியியலான 'என்டமாலஜி'யும் சொற்பிறப்பியலான 'எடிமாலஜி'யும் போல ஓசையில் ஒட்டிப் பிறந்தவற்றை ஒரு தடவையாவது கையால் எழுதிப் பார்க்க வேண்டும். என்னைப் போல நோட்டில் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு எழுதி வைப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். தேர்வில் வருவது ஆங்கில எழுத்தில், அதில் எழுத்துப்பிழை வைத்தும் மடக்குவார்கள். இணையத்தில் கிடைக்கும் தொகுப்பு எதையும் நம்பி மனப்பாடம் செய்யாதீர்கள். நல்ல அகராதி ஒன்று கைப்பேசியில் இருந்தால் போதும். ஆயிரக்கணக்கான சொற்களும் வேண்டாம். என் நோட்டில் கடைசியில் நானூற்றுச் சொச்சம்தான் இருந்தன. முந்தைய ஆண்டுகளின் தாள்களிலிருந்து எடுத்தவைதான் பெரும்பாலும், ஏனென்றால் அவை திரும்பத் திரும்ப வருவதை நானே பார்த்திருக்கிறேன்.

2024 ஆகஸ்டில் ஒப்பந்தம் முடிந்து கோலாலம்பூர் வழியாகத் திருச்சிக்கு வந்தேன். செப்டம்பரில் முதற்கட்டம் எழுதினேன். ஒற்றைச் சொல் கேள்விகள் மூன்றும் சரி. தேறினேன். அடுத்த ஜனவரியில் இரண்டாம் கட்டம். அதில் ஆங்கிலம் 45 கேள்வி, 135 மதிப்பெண். தவறு ஒன்றுக்கு ஒரு மதிப்பெண் கழிவு. ஆங்கிலத்தில் குறை வைக்கவில்லை. கணக்கு கவிழ்த்தது. இறுதிப் பட்டியலில் என் பெயர் இல்லை. இன்னும் வயது இருக்கிறது, இந்தமுறை கணக்குக்கு வேறொரு மாஸ்டரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நோட்டைப் பினாங்கிலேயே, கல்லாவுக்கு வந்த புதுப் பையனிடம் கொடுத்துவிட்டு வந்தேன். மாஸ்டர் இன்னும் வாரம் ஒருமுறை அழைப்பார். போன ஞாயிறு எடுத்ததும், நலம் விசாரிக்காமல் கேள்வியைத்தான் போட்டார்.

"கணக்கில் எழுதிக்கொள் என்று சொல்லி மூன்று மாதம் சாப்பிட்டவன் இப்போது நம் கடைப் பக்கமே வருவதில்லை. ஒரே சொல்லில் சொல்."

இரண்டு சொல் தோன்றின. "ஆளையே காணோமா மாஸ்டர், இல்லை ஊரில்தான் இருக்கிறானா?"

"எதிர்க்கடையில் தினமும் தேநீர் குடிக்கிறான். எனக்குக் கையும் காட்டுகிறான்."

"அப்படியானால் 'அப்ஸ்காண்டர்' இல்லை. 'டிஃபால்டர்'தான்."

"இரு, பையனிடம் சொல்லி எழுத வைக்கிறேன்" என்று போனை வைத்துவிட்டார்.